பிரிட்டிஷ் டிவி நடிகர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? ஒரு எளிய விளக்கம்

ரோவன் அட்கின்சனின் 'மிஸ்டர் பீன்' தெரியாத வீடு நம்மிடையே குறைவு. அந்தத் தொடர் மொத்தம் எத்தனை எபிசோடு வந்திருக்கும் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். நூறு என்பார்கள், இருநூறு என்பார்கள். விடை 15. 1990-இல் தொடங்கி 1995-இல் முடிந்துவிட்டது. அப்புறம் வந்த கார்ட்டூனும் இரண்டு சினிமாக்களும் தனிக் கணக்கு.

இந்தச் சின்ன எண்ணில்தான் விஷயமே இருக்கிறது. பிரிட்டிஷ் டிவி நடிகர்களைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் சில வாக்கியங்கள் தவறாமல் வரும். "எல்லாரும் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஊறியவர்கள், அதனால்தான் அப்படி நடிக்கிறார்கள்." "ஒரு தொடர் ஹிட் ஆனால் போதும், ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம்." "காமெடி நடிகர் என்றால் ஒரு படி கீழேதான்." மூன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் மூன்றுமே நடிகரை மட்டும் பார்த்துச் சொல்வது. அங்கே வேலை எப்படிக் கிடைக்கிறது, எவ்வளவு நாளைக்குக் கிடைக்கிறது, பணம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கும்.

மாதச் சம்பளமா, முகூர்த்தக் கணக்கா?

ஹோட்டல் சமையல்காரருக்கு மாதம் பிறந்தால் சம்பளம். கல்யாண சமையல்காரருக்கு அப்படி இல்லை. முகூர்த்தம் இருந்தால் வருமானம். ஆடியிலும் மார்கழியிலும் கை காய்ந்துவிடும். சுற்றுவட்டாரம் முழுக்கப் பேர் வாங்கியவராக இருந்தாலும் அடுத்த அட்வான்ஸ் கைக்கு வந்தால்தான் அடுத்த வேலை. நடுவில் மெஸ்ஸுக்கு மாற்றாளாகப் போவார், பட்சணம் போட்டு விற்பார். இன்னொரு சங்கடமும் உண்டு. அக்காரவடிசலுக்கு என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால், அப்புறம் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அக்காரவடிசல்தான் கேட்பார்கள்.

பிரிட்டிஷ் டிவி நடிகர் இந்த இரண்டாவது வகை. எந்தச் சேனலும் அவரை வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை. ஒரு தொடருக்கு, அதிலும் எத்தனை எபிசோடோ அத்தனைக்கு மட்டும் ஒப்பந்தம். முடிந்ததும் கணக்குத் தீர்ந்தது. மறுபடி கூப்பிடுவார்களா என்பது சில மாதம் கழித்துத்தான் தெரியும், சில சமயம் ஒரு வருஷம் கழித்து.

ஏன் ஆறே ஆறு?

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம். ஒரு தொடருக்காக ஒரே மூச்சில் எடுக்கும் எபிசோடுகளின் தொகுப்பை அங்கே 'சீரிஸ்' என்பார்கள். அமெரிக்கர்கள் 'சீசன்' என்பது அதைத்தான். பிரிட்டிஷ் சிட்காமில், அதாவது அதே பாத்திரங்கள் அதே இடத்தில் வாரா வாரம் மாட்டிக்கொண்டு தவிக்கும் அரைமணி நேர நகைச்சுவைத் தொடரில், ஒரு சீரிஸுக்குப் பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு எபிசோடுதான்.

'ஃபால்டி டவர்ஸ்' என்ற தொடர் இதற்குப் பேர்போன உதாரணம். கோபக்கார ஹோட்டல் முதலாளி, அவரை அடக்கும் மனைவி, ஸ்பெயின்காரச் சர்வர். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு, ஆக மொத்தம் 12. அரை நூற்றாண்டாக மக்கள் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்டும் எழுதிய 'தி ஆஃபீஸ்' 2001-இல் தொடங்கியது; இரண்டு சீரிஸ், இரண்டு கிறிஸ்துமஸ் சிறப்பு எபிசோடு, மொத்தம் 14. அதையே அமெரிக்காவில் மறுபடி எடுத்தார்கள். அங்கே 201.

இவ்வளவு வித்தியாசம் எதனால்? பிரிட்டனில் ஒரு சிட்காமை ஒருவரோ இருவரோ உட்கார்ந்து கடைசி வரி வரை எழுதுவது வழக்கம். ஃபால்டி டவர்ஸை எழுதியவர்கள் அதில் நடித்த ஜான் கிளீஸும் கானி பூத்தும்தான். இரண்டு பேரால் வருஷத்துக்கு ஆறு நல்ல கதை எழுத முடியும், இருபத்துநாலு முடியாது. அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு எழுத்தாளர்களை ஒரே அறையில் உட்காரவைத்து வருஷத்துக்கு 22, 24 எபிசோடு எடுத்தார்கள். அங்கே அதற்கு வலுவான பணக் காரணமும் இருந்தது. ஒரு தொடர் நூறு எபிசோடை எட்டினால் அதை உள்ளூர் நிலையங்களுக்குத் தினசரி மறுஒளிபரப்புக்கு விற்கலாம். உண்மையான லாபம் அதில்தான். பிபிசிக்கோ விளம்பரமே கிடையாது. டிவி வைத்திருக்கும் வீடுகள் கட்டும் லைசென்ஸ் கட்டணத்தில் நடக்கிற நிறுவனம். எபிசோடைக் கூட்டிக்கொண்டே போக வேண்டிய நெருக்கடி அதற்குக் கிடையாது.

பார்வையாளருக்கு இது நல்லது. நீர்த்துப்போவதற்கு முன்னாலேயே தொடர் முடிந்துவிடுகிறது. நடிகருக்கோ, நாடு முழுக்கத் தெரிந்த முகமாக இருந்தும் வருஷத்தில் சில வாரம்தான் அந்த வேலை.

இதுவரை பார்த்தது: எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் எபிசோடுகள் குறைவு, அதனால் நடிகருக்கு ஒரு தொடரிலிருந்து கிடைக்கும் வேலை நாட்களும் குறைவு. மீதி நாளை எதைக் கொண்டு நிரப்புவது?

எல்லாம் ஒரே ஊரில்

இங்கே புவியியல் உதவிக்கு வருகிறது. அமெரிக்காவில் சினிமாவும் டிவியும் லாஸ் ஏஞ்சலஸில், நாடகம் நியூயார்க்கில். நடுவே ஒரு கண்டமே கிடக்கிறது. பிரிட்டனில் வெஸ்ட் எண்ட் நாடக அரங்குகள், பிபிசி வானொலி, டிவி ஸ்டூடியோ, விளம்பரக் குரல் பதிவு எல்லாம் லண்டனுக்குள். எல்ஸ்ட்ரீ, பைன்வுட் போன்ற சினிமாத் தளங்களும் அதன் ஓரத்திலேயே. பகலில் படப்பிடிப்பு, மாலையில் மேடை என்று ஒருவர் இரண்டையும் சமாளிக்க முடியும்.

ஜூடி டென்ச் 1992 முதல் 2005 வரை 'ஆஸ் டைம் கோஸ் பை' என்ற சாவகாசமான சிட்காமில் நடித்தார். அதே காலத்தில், 1995 முதல் ஜேம்ஸ் பாண்ட் படங்களில் உளவுத்துறைத் தலைவி. நடுவில் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்துக்கு ஆஸ்கர். மேடையையும் விடவில்லை. இதைப் பார்த்து "என்ன ஒரு பன்முகத் திறமை!" என்று வியக்கிறோம். வியக்கலாம், தப்பில்லை. ஆனால் சிட்காம் வருஷத்துக்குச் சில வாரம்தான் எடுத்தது என்பதையும், மற்ற வேலைகள் பக்கத்திலேயே கிடைத்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

டேவிட் ஜேசனின் பட்டியல் இன்னும் வேடிக்கை. எலக்ட்ரீஷியனாக இருந்தவர். 'ஓன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' தொடரில் தெருவோர வியாபாரி டெல் பாய் ஆனார். அதன் 1996 கிறிஸ்துமஸ் எபிசோடு ஒன்றைப் பார்த்தவர்கள் 2 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல். அதே மனிதர் 'டேஞ்சர் மவுஸ்' கார்ட்டூனில் எலிக்குக் குரல் கொடுத்தார். 1992 முதல் 2010 வரை 'எ டச் ஆஃப் ஃப்ராஸ்ட்' தொடரில் சிடுசிடுத்த போலீஸ் அதிகாரி. ஒரே தொண்டை, மூன்று பிழைப்பு.

இதோடு பான்டமைமையும் சொல்லியாக வேண்டும். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊர் ஊராக அரங்கேறும், குழந்தைகளுக்கான பாட்டும் கேலியும் கலந்த கதை நாடகம் அது. ஆண்கள் கிழவி வேஷம் கட்டுவார்கள். பார்வையாளர்கள் கத்திப் பதில் சொல்வார்கள். டிவியில் தெரிந்த முகம் போஸ்டரில் இருந்தால் டிக்கெட் போகும் என்பதால் குளிர்காலத்தில் பல நடிகர்களுக்கு இது நிச்சய வருமானம். கௌரவக் குறைச்சலாக யாரும் நினைப்பதில்லை. இயான் மெக்கெல்லன் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களின் மந்திரவாதி காண்டால்ஃப் வேஷத்தில் உலகப் புகழ் பெற்ற பிறகு, 2004-இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் கிழவி வேஷம் போட்டார்.

எந்த வாசல் வழியாக வருகிறார்கள்?

ஷேக்ஸ்பியர் விஷயத்துக்கு வருவோம். ஒரு தலைமுறைக்கு அது ஓரளவு உண்மைதான், ஆனால் அதன் நடுவில் இருந்தது ஷேக்ஸ்பியரைவிட ரெபர்ட்டரி. ஊருக்கு ஒரு அரங்கு, அதற்கென்று நிலையான நடிகர் குழு. வாரம் ஒரு நாடகம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று. இந்த வார நாடகத்தை இரவில் நடித்துக்கொண்டே அடுத்த வாரத்து வசனத்தைப் பகலில் மனப்பாடம் செய்ய வேண்டும். துப்பறியும் கதை, குடும்பச் சண்டை, கேலிக் கூத்து என எதுவும் வரும். இருபத்தைந்து வயதுக்காரர் தாத்தாவாக வருவார். இப்படிச் சில வருஷம் அடிபட்டவருக்கு டிவி சிட்காமின் ஒரு வார ஒத்திகை பெரிய விஷயமே இல்லை.

பட்ரீஷியா ரூட்லெட்ஜ் லிவர்பூல் பிளேஹவுஸில் அப்படித் தொடங்கியவர். 1968-இல் நியூயார்க் மேடைக்கான டோனி விருது, 1988-இல் லண்டன் மேடைக்கான ஒலிவியர் விருது, இரண்டும் இசை நாடகங்களுக்கு. இவ்வளவுக்கும் பிறகு, 1990-இல், தன் 61-ஆவது வயதில்தான் 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' தொடரின் பகட்டுக்காரக் குடும்பத்தலைவி ஹயசிந்தாக உலகத்துக்குத் தெரிந்தார். புகழ் உச்சத்தில் இருக்கும்போதே 44 எபிசோடோடு நிறுத்திக்கொண்டவரும் அவரே. 'எஸ் மினிஸ்டர்' தொடரில் அமைச்சரை ஆட்டிவைக்கும் செயலராக வந்த நைஜல் ஹாதோர்னுக்கு அது ஒளிபரப்பாகத் தொடங்கியபோது வயது 50.

ஃபெலிசிட்டி கெண்டால் இன்னொரு விசித்திரமான வாசல். அப்பாவின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவோடு இந்தியா முழுக்கச் சுற்றி வளர்ந்தவர். 1975-இல் 'தி குட் லைஃப்' தொடரில் வீட்டுத் தோட்டத்தில் பன்றியும் கோழியும் வளர்க்கும் மனைவியாக வந்தபோது, நம்மூர் ரயில் நிலையங்களும் பள்ளிக்கூட மேடைகளும் அவருக்கு லண்டனைவிடப் பழகிய இடங்கள்.

அடுத்த வாசல் பல்கலைக்கழகம். கேம்பிரிட்ஜின் ஃபுட்லைட்ஸ் என்ற மாணவர் நாடகக் கழகம் 1883 முதல் இருக்கிறது. ஜான் கிளீஸ், எம்மா தாம்சன், ஸ்டீஃபன் ஃப்ரை, ஹ்யூ லாரி எல்லாரும் அங்கே கூத்தடித்தவர்கள். ஒலிவியா கோல்மனும் அங்கேதான் டேவிட் மிட்செலையும் ராபர்ட் வெப்பையும் சந்தித்தார். அந்தச் சிநேகம் 2003-இல் 'பீப் ஷோ' என்ற தொடராக வந்து நின்றது. மூவரும் அதில் நடித்தார்கள். இங்கே சங்கடமான உண்மை ஒன்று உண்டு. பணக்காரப் பள்ளி, பெரிய பல்கலைக்கழகம் வழியாக வருகிறவர்களுக்கு வேலையில்லாத மாதங்களைத் தாங்க வீட்டு ஆதரவு இருக்கிறது. மற்றவர்களுக்கு இல்லை. ஜூலி வால்டர்ஸ் போன்ற உழைக்கும் வர்க்க நடிகர்கள் படித்த காலத்தில் அரசு உதவித்தொகை இருந்தது. இன்று தன்னைப் போன்ற பெண்ணால் இந்தத் துறைக்குள் நுழைவது கடினம் என்று அவரே சொல்லியிருக்கிறார். துண்டு துண்டான வேலை முறையின் நேரடி விளைவு இது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வானொலியும் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரமும் மற்ற இரண்டு வாசல்கள். பிபிசி வானொலியில் செட்டும் வேண்டாம், உடையும் வேண்டாம். ஒரு யோசனையைக் குறைந்த செலவில் சோதித்துப் பார்க்கலாம். மீரா சயாலும் சஞ்சீவ் பாஸ்கரும் இருந்த 'குட்னஸ் கிரேஷியஸ் மீ' 1996-இல் வானொலியில் தொடங்கி 1998-இல் டிவிக்கு மாறியது. எடின்பரோவில் 1947 முதல் கோடைக்காலத்தில் நடக்கும் ஃப்ரிஞ்ச் விழாவில் யார் வேண்டுமானாலும் மேடை பிடிக்கலாம். ஃபீபி வாலர்-பிரிட்ஜ் 2013-இல் அங்கே தனியாளாக நின்று நடித்ததுதான் பின்னால் 'ஃப்ளீபேக்' ஆனது. அதுவும் 12 எபிசோடுதான்.

ஸ்டாண்ட்-அப் மேடை வழியாக வருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தின் கிராலியில் பிறந்த ரொமேஷ் ரங்கநாதன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வேலைக்குப் பிறகு இரவுகளில் ஜோக் சொல்லப் போய், அதையே முழுநேர வேலையாக்கி, அப்புறம் டிவிக்கு வந்தார்.

இத்தனை வாசல் இருக்கின்றன என்பதைப் பார்த்தாலே "எல்லாரும் ஷேக்ஸ்பியர்" என்ற பேச்சு நிற்காது.

ஒரு வாரத்தில் ஒரு எபிசோடு

பழைய சிட்காம்களில் கேட்கும் சிரிப்பு டப்பாவில் அடைத்துவைத்த சிரிப்பு என்று நினைப்பவர்கள் அதிகம். பிபிசியின் பெரும்பாலான பழைய தொடர்களில் அது அசல். இலவச டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்த சில நூறு பேரின் சிரிப்பு.

வெளிப்புறக் காட்சிகளை முதலில் தனியாகப் படமாக்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு வாரத்துக்கு ஒரு எபிசோடு. நாலைந்து நாள் ஒத்திகை நடக்கும், தரையில் நாடா ஒட்டி 'இது கதவு, இது சோஃபா' என்று குறித்துவைத்த வெறும் அறையில். 1970 முதல் பிபிசிக்கு மேற்கு லண்டனின் ஆக்டனில் இதற்கென்றே ஒரு மாடிக் கட்டடம் இருந்தது. நடிகர்கள் அதைச் செல்லமாக 'ஆக்டன் ஹில்டன்' என்பார்கள். ஒரு மாடியில் சரித்திர நாடகம், இன்னொன்றில் சிட்காம், வேறொன்றில் போலீஸ் கதை. மத்தியானம் எல்லாரும் ஒரே கேன்டீனில். காமெடிக்காரர், டிராமாக்காரர் என்ற சுவர் அங்கே உயரமாக எழாததில் ஆச்சரியமில்லை. கடைசி நாள் ஸ்டூடியோவுக்குப் போய் கேமராக்களோடு ஒத்திகை. அன்று இரவே பார்வையாளர் முன்னால் பதிவு.

நேரடி நாடகத்துக்கும் சினிமாவுக்கும் நடுவில் நிற்கிற வித்தை இது. கேமரா முகத்துக்கு நேரே இருக்கிறது, அதனால் நடிப்பு அடக்கமாக இருக்க வேண்டும். ஆனால் முந்நூறு பேர் சிரித்து முடிக்கும்வரை அடுத்த வரியை நாக்கிலேயே வைத்திருக்கவும் வேண்டும். இதைப் பழகியவர் சோகக் காட்சியில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத் தானாகத் தெரிந்துகொள்கிறார். காமெடியில் கேலிக்கூத்து ஆடிக்கொண்டிருந்த ராபி கோல்ட்ரேன் 1993-இல் 'கிராக்கர்' தொடரில் குடியும் சூதாட்டமுமாகச் சீரழிந்த குற்ற உளவியலாளராக வந்து, மூன்று வருஷம் தொடர்ந்து பாஃப்டா விருது வாங்கினார். 'பீப் ஷோ' கோல்மன் 2013-இல் 'பிராட்சர்ச்' தொடரில் உடைந்து அழும் போலீஸ்காரி, 2019-இல் ஆஸ்கர். ஹ்யூ லாரி 'பிளாக்ஆடர்' தொடரில் அசட்டு இளவரசர். பின்னால் அமெரிக்காவின் 'ஹவுஸ்' தொடரில் 177 எபிசோடு கசப்பான டாக்டர். காமெடி ஒரு படி கீழே என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

ஒட்டிக்கொள்ளும் வேஷம்

இனி இந்த வாழ்க்கையின் கசப்பான பக்கம். ஒரு பாத்திரத்தோடு நடிகரை மக்கள் ஒன்றாகவே நினைத்துவிட்டால் அவருக்கு அதே மாதிரி வேஷம் மட்டுமே வரும். இதற்கு டைப்காஸ்டிங் என்று பேர். அக்காரவடிசல் சங்கடம்தான்.

ஹாரி எச். கார்பெட் மேடையில் தீவிர நடிகராக மதிக்கப்பட்டவர். 1962-இல் ஒரு பைலட்டில், அதாவது தொடராக எடுக்கலாமா என்று பார்ப்பதற்காக எடுக்கும் ஒற்றை எபிசோடில், பழைய இரும்புச் சாமான் வியாபாரியின் மகனாக நடித்தார். அது 'ஸ்டெப்டோ அண்ட் சன்' ஆகிவிட்டது. நாடே அதன் முன்னால் உட்கார்ந்தது. 1964 பொதுத்தேர்தல் அன்று சாயங்காலம் அதன் மறுஒளிபரப்பு இருந்தது. தொழிலாளர் கட்சி வாக்காளர்கள் வாக்குச்சாவடிக்குப் போகாமல் டிவி முன் உட்கார்ந்துவிடுவார்கள் என்று பயந்து, நேரத்தை மாற்றும்படி அந்தக் கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் பிபிசியைக் கேட்டுக்கொண்டார், அவர்களும் மாற்றினார்கள். கார்பெட்டுக்கு இதனால் கிடைத்த பரிசு, அப்புறம் எந்தப் பெரிய வேஷத்தில் வந்தாலும் ஜனங்கள் இரும்புக் கடை மகனையே பார்த்தது. 1970-களில் மறுபடி அதே தொடருக்குத் திரும்பினார். அப்பாவாக நடித்த வில்ஃப்ரிட் பிராம்பெல் அவரைவிட 13 வயதுதான் மூத்தவர் என்பது உபரித் தகவல்.

தப்பிக்க வழி தேடியவர்களும் உண்டு. நாயகனாக நடிப்பவர் அவ்வப்போது மாறும் 'டாக்டர் ஹூ' தொடரின் இரண்டாவது நாயகன் பாட்ரிக் டிராட்டன், ஐந்தாவதாக வந்த பீட்டர் டேவிசனிடம் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்காதே என்று சொன்னாராம். டேவிசன் அப்படியே செய்தார். ரானி பார்க்கர் வேறு வழி பிடித்தார். 1973-இல் ஏழு வெவ்வேறு பைலட், ஏழிலும் அவரே நாயகன். அதிலிருந்து சிறைச்சாலைக் கதையான 'போரிட்ஜ்', மளிகைக் கடைக் கதையான 'ஓபன் ஆல் அவர்ஸ்' இரண்டும் முளைத்தன. எதிலும் முழுக்க மாட்டாமல் ஓடிக்கொண்டே இருந்தவர், 1987-இல் புகழின் நடுவே ஓய்வு பெற்று ஒரு பழம்பொருள் கடை நடத்தப் போனார். ஃபால்டி டவர்ஸின் கானி பூத்தோ நடிப்பையே விட்டு மனநல சிகிச்சையாளர் ஆனார்.

இவர்களையெல்லாம் விட எனக்குப் பிடித்தவர் பஸ்டர் மெரிஃபீல்ட். வாழ்நாள் முழுக்க வங்கியில் வேலை பார்த்து மேலாளராக ஓய்வு பெற்றபின் தொழில்முறை நடிகரானார். 'ஓன்லி ஃபூல்ஸ்' தொடரில் தாத்தாவாக நடித்தவர் 1984-இல் இறந்துபோக, வெள்ளைத் தாடியோடு ஆல்பர்ட் மாமாவாக உள்ளே வந்து நிலைத்துவிட்டார். டைப்காஸ்டிங்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய வயதைத் தாண்டி வந்தவர்.

சோப்: விதிவிலக்கு

ஆறு எபிசோடுக் கணக்கில் அடங்காத ஒரு இடம் உண்டு. வருஷம் முழுக்க, வாரத்துக்குப் பல முறை, முடிவில்லாமல் போகும் அன்றாட வாழ்க்கைத் தொடர், சோப் என்பார்கள். 'கரோனேஷன் ஸ்ட்ரீட்' 1960 டிசம்பர் 9-இல் தொடங்கியது. அந்த முதல் எபிசோடிலேயே கென் பார்லோவாக வந்த வில்லியம் ரோச் அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அதே வேஷத்தில்தான் இருந்தார். கின்னஸ் சாதனை. 'ஈஸ்ட்எண்டர்ஸ்' 1985-இல் வந்தது. அடுத்த வருஷக் கிறிஸ்துமஸ் எபிசோடை 3 கோடிப் பேர் பார்த்தார்கள்.

சோப் நடிகருக்குத்தான் மாதச் சம்பளத்துக்குக் கிட்டத்தட்ட வருகிற வருமானம். அதற்குக் கொடுக்கும் விலை, வேறு வேலைக்கு நேரமின்மை, அப்புறம் 'அது வெறும் சோப்' என்ற ஏளனம். ஏளனம் நியாயமில்லை என்பதற்கு சாரா லான்கஷயர் சாட்சி. 1990-களில் கரோனேஷன் ஸ்ட்ரீட்டில் வெகுளிப் பெண் ராக்கெல். 2014 முதல் 2023 வரை 'ஹாப்பி வாலி'யில் பிரிட்டிஷ் டிவி கண்ட மிகக் கனமான போலீஸ் பாத்திரங்களில் ஒன்று. அதை எழுதிய சாலி வெயின்ரைட்டும் கரோனேஷன் ஸ்ட்ரீட்டுக்கு எழுதியவர்தான்.

மறுஒளிபரப்புப் பணம்

"ஒரு ஹிட் போதும்" என்ற நம்பிக்கைக்கு வருவோம். நடிகர்களுக்கு ஈக்விட்டி என்ற தொழிற்சங்கம் 1930 முதல் இருக்கிறது. அதன் உறுப்பினர் இருவர் ஒரே பேரை வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் டேவிட் வொயிட் என்பவர் டேவிட் ஜேசன் ஆனார், டேவிட் மெக்டொனால்ட் என்பவர் டேவிட் டெனன்ட் ஆனார். பேரை விடப் பெரிய வேலை, சேனல்களோடு சம்பள ஒப்பந்தம் பேசுவது. அதில் முக்கியமானது ரிபீட் ஃபீ: எடுத்த நிகழ்ச்சியை மறுபடி ஒளிபரப்பினால் நடிகருக்கு முதல் சம்பளத்தை ஒட்டி ஒரு பங்கு தர வேண்டும்.

ஆரம்ப காலத்தில் சங்கத்துக்கு மறுஒளிபரப்பே பிடிக்கவில்லை. பழையதையே போட்டுக்கொண்டிருந்தால் புது வேலை எப்படி வரும்? அதனால் எத்தனை தடவை போடலாம் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். வீடியோ டேப்பும் அப்போது விலை அதிகம். திரும்பப் போட முடியாத நிகழ்ச்சி, விலையுயர்ந்த டேப். பிபிசி என்ன செய்திருக்கும்? அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு எதையாவது பதிவு செய்தது. 1960-களின் டாக்டர் ஹூ எபிசோடுகளில் 90-க்கும் மேற்பட்டவை இப்படித்தான் காணாமல் போயின. 'டாட்ஸ் ஆர்மி'யில் மூன்று இன்னும் அகப்படவில்லை. நடிகர்களின் பிழைப்பைக் காக்க வந்த விதி, அவர்களுடைய வேலையையே அழிக்கவும் துணைபோயிற்று.

அந்த டாட்ஸ் ஆர்மி, இரண்டாம் உலகப்போரில் ஊர்க்காவல் படையில் சேர்ந்த கிழவர்களின் கதை. 1968 முதல் 1977 வரை 80 எபிசோடு. இன்றும் பிபிசி 2-இல் மறுஒளிபரப்பாகிறது. அதில் சாதுவான முதியவராக வந்த ஆர்னல்ட் ரிட்லிக்குத் தொடங்கும்போதே 72 வயது. முதல் உலகப்போரில் பிரான்ஸின் சாம் போர்முனையில் படுகாயம் பட்டவர், 1920-களில் பெரிய வெற்றி பெற்ற ஒரு நாடகத்தை எழுதியவர். அந்த வயதில் அவர் வாரா வாரம் ஸ்டூடியோவுக்கு வந்தார் என்றால், ஒரு ஹிட் ஆயுசுக்குப் போதும் என்பது எவ்வளவு தூரம் சரி என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கிழவராக நடித்த கிளைவ் டன்னுக்கோ அப்போது 48தான். கிழவர் வேஷம் அவருடைய தனித்திறமை.

ஆக, புகழ் ஒரு பக்கம், பணம் ஒரு பக்கம். இரண்டையும் இணைப்பது மறுஒளிபரப்பு. அது எவ்வளவு வரும் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

ஸ்ட்ரீமிங் வந்தபிறகு

நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களில் 'மறுபடி போடுவது' என்ற கணக்கே இல்லை. நிகழ்ச்சி எப்போதும் அங்கேயே இருக்கிறது. அதனால் பல இடங்களில் பைஅவுட் முறை பரவியது: எத்தனை பேர் எத்தனை தடவை பார்த்தாலும் முன்கூட்டியே ஒரு தொகை, அவ்வளவுதான்.

வேறு விதத்தில் வாசல்கள் அகலமாகியிருக்கின்றன. 1977-இல் ஐடிவி சேனலில் வந்த 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' பல ஆசிய நாடுகளிலும் ஓடியது. அதில் சீக்கியர் ரஞ்சித் சிங்காக நடித்த ஆல்பர்ட் மோசஸ் உண்மையில் இலங்கை கம்பளையில் பிறந்தவர். பழுப்பு நிறத்தவர் யாராக இருந்தாலும் தலைப்பாகையும் உச்சரிப்புக் கேலியும்தான் அன்றைக்குக் கிடைத்த வேஷம். 2022-இல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சிமோன் ஆஷ்லி 'பிரிட்ஜர்டன்' இரண்டாம் சீசனின் கதாநாயகி. அதே சீசனில் தங்கையாக வந்த சரித்ரா சந்திரனும் தமிழ்க் குடும்பத்துப் பெண். 2025-இல் வந்த 'அடாலசன்ஸ்' நாலே எபிசோடு. அதுவரை தொழில்முறையாக நடித்தே இராத ஓவன் கூப்பர் 15 வயதில் எம்மி விருது வாங்கினார்.

நாலு, ஆறு, எட்டு என்று எபிசோடு எண்ணிக்கை அமெரிக்காவிலும் இப்போது குறைந்துவிட்டது. 2023-இல் அங்கே நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. சீசன்கள் சுருங்கிவிட்டன, ஸ்ட்ரீமிங்கில் மறுஒளிபரப்புப் பணம் சொற்பமாகவே வருகிறது என்பது அவர்களுடைய முக்கியக் குறைகளில் ஒன்று. லண்டன் நடிகர்களுக்கு அது ஒன்றும் புதுச் செய்தி இல்லை.